மரியா மாண்டிசோரி அம்மையார்

தமிழ்நாட்டு நகரங்களிலே சிறுவர் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகைகளில் மாண்டிசோரி என்னும் பெயர் எழுதப்பட்டிருத்தலை நம் மாணவர் யாவரும் கண்டிருப்பர். அப்பெயர் ஒரு பயிற்றுமுறையைக் குறிப்பதென அறிந்தோர் பலர். அஃது ஒரு மாதரசியின் பெயரென அறிந்தோர் சிலர். அவ்வம்மையார் தம் முறையை முதன்முதற் கற்றுக்கொண்டது எத்தகைய பிள்ளைகளிடத்து என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. பொருளுடையார் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே அமைந்ததுபோல இந்நாளில் வழங்கும் அம்முறை, கல்விக்கு உதவாரென உலகத்தார் ஒதுக்கிவைத்த பிள்ளைகளின் நடுவிலே பிறந்தது. அப்பிள்ளைகளுக்கு உலகம் பட்ட கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை. அக்கடனை நினைவிற்கொண்டு அம்மையாரின் வரலாற்றை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

இத்தாலி தேசத்தில் அங்கோனா மாகாணத்தைச் சார்ந்த கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகஸ்தர். பழைய ஒழுகலாறுகளைப் போற்றுபவர். தாயார் ரெனில்டே கல்வியில் மிக்க விருப்பமுடையவர். 1875-இல் குடும்பம் உரோமாபுரியிற் குடியேறிற்று. பெண்மக்களுக்கு உபாத்திமைத் தொழிலொன்றே தகும் என்று கருதிய அக்காலத்தில், மரியா முதலில் இயந்திரக்கலையை நாடித் தொழிற்பள்ளியிற் பயின்று, பின்னர் வைத்தியம் கற்கத் துணிந்தார். தந்தையார் உடன்பட்டிலர், தாயார் துணைநின்றார். ஆடவரோடு ஒருங்கிருந்து பிரேதத்தை அறுத்துப் பார்த்தல் பெண்ணுக்குத் தகாதென்று விதித்தமையால், மற்றை மாணவரெல்லாம் வீடு சென்ற பின்னர் அவ்வறையிலே தனியே இருந்து பயின்றார். 1896-இல் உரோமாபுரிச் சர்வகலாசாலையின் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற பெண்மணிகள் அதற்குமுன் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

பட்டம் பெற்றபின் சர்வகலாசாலையைச் சேர்ந்த மனநோய் வைத்தியப் பகுதியில் அம்மையார் ஊழியம் செய்தார். நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு உரோமாபுரியிலுள்ள சித்தசுவாதீனமற்றோர் விடுதிகளுக்குச் செல்லவேண்டியிருந்தது. அவ்விடங்களில் முதியவர்களோடு சிறு பிள்ளைகளும் அடைபட்டுக் கிடந்தனர். பேசாத பிள்ளை, பிறர் முகத்தை நோக்காத பிள்ளை, புத்தி வளர்ச்சி குன்றிய பிள்ளை ஆகிய எல்லாரையும் ஒரே பெயரிட்டு ஒரே அறையில் அடைத்திருந்தனர். ஓர் அறையிலிருந்த பிள்ளைகள் உணவு முடிந்ததும் தரையில் விழுந்து அப்பத்துணுக்குகளைப் பொறுக்கினரென்றும், காவலிருந்த மாது அதனைப் பேராசையென்று இகழ்ந்தனரென்றும், அம்மையார் அவ்வறையைச் சுற்றி நோக்கினாரென்றும் அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். அவ்வறையிலே கையால் தொட்டுப் பார்ப்பதற்கு அத்துணுக்குகளையன்றி ஒரு பொருளும் இல்லை. பிள்ளைகள் தேடியது உணவையன்று; கைக்கும் கண்ணுக்கும் வேலையை. இவ்வொன்றை உணர்ந்தமையே அம்மையாரின் வாழ்க்கைக்குத் திருப்பமாயிற்று என்னலாம். காவல்மாது கண்டதும் அம்மையார் கண்டதும் ஒரே காட்சிதான். ஒருவர் குற்றம் கண்டார். மற்றவர் காரணம் கண்டார்.

இத்தகைய பிள்ளைகளுக்கு வேண்டுவது மருந்தன்று, பயிற்சியே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. முன்னரே இவ்வழியிற் சென்றோர் உளரோவெனத் தேடியபோது பிரெஞ்சு வைத்தியர் இருவருடைய நூல்கள் அவருக்குக் கிடைத்தன. முதல்வர் இதார் என்பவர். பிரான்சு தேசத்தின் தென்பகுதியில் அவேரோன் காட்டிலே ஆடையின்றித் திரிந்த சிறுவன் ஒருவன் 1800-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊரார் கையில் அகப்பட்டான். வயது பன்னிரண்டு இருக்கலாம். பேச்சில்லை. பாரிஸ் நகரத்துச் செவிட்டூமையர் பள்ளிக்கு அவனைக் கொண்டுவந்தபோது, அக்காலத்துப் பெரிய வைத்தியராகிய பினேல் அவனைத் திருத்தலாகாத மூடனென்று முடிவுகட்டினார். இளைஞராகிய இதார் அம்முடிவை ஏற்கவில்லை. அவனுக்கு விக்தர் எனப் பெயரிட்டு, ஏறத்தாழ ஐந்து ஆண்டு அயராது பயிற்றினார்.

இதார் எழுதிய செய்திகளுள் ஒன்று நம் பகுதியார் சிந்தித்தற்குரியது. விக்தருக்கு அருகிலே கைத்துப்பாக்கியை வெடித்தபோதும் அவன் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் அவனுக்குப் பிரியமான வாதுமை வகைக் கொட்டை ஒன்றை உடைக்கும் மெல்லோசை எழுந்தால் உடனே திரும்பிப் பார்த்தான். செவிடென்று எண்ணப்பட்டவனுக்குச் செவி நன்றாகவே இருந்தது. எவ்வோசை தனக்குரியதென்னும் தேர்வுதான் வேறாயிருந்தது. இந்நாளில் தம் பிள்ளை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லையே, காது கேளாதோ என்று ஐயுற்று வைத்தியரை நாடும் பெற்றோர் பலர், அடுத்த அறையில் மிட்டாய்க் காகிதம் பிரியும் ஒலிக்கு அப்பிள்ளை ஓடிவருதலையும் கண்டு மயங்குகின்றனர். விக்தர் இப்பொழுது ஆட்டிசம் அல்லது மதியிறுக்கம் எனப்படும் நிலையை உடையவனாயிருந்தான் என்று இக்காலத்து அறிஞர் சிலர் கருதுகின்றனர், மறுப்போரும் உளர். அவன் பேசக் கற்கவில்லை. ஆனால் எழுத்துக்களை இனங்கண்டான். எழுதிய சொற்கள் சிலவற்றின் பொருளை அறிந்தான். தன்னை வளர்த்த கெரேன் அம்மையார் கணவனை இழந்து அழுதபோது, இறந்தவருக்கென மேசைமேல் வைத்த தட்டை மெல்ல எடுத்து அப்புறப்படுத்தினான். இதார் தம் முயற்சி தோற்றதென எண்ணினார். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

இரண்டாமவர் இதாரைப் பின்பற்றிய செகேன் என்பவர். புத்தி வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குத் தசைகளிலும் புலன்களிலும் தொடங்கிப் படிப்படியே அறிவைப் பயிற்றும் முறையை வகுத்து, அதனை 1846-இல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக வெளியிட்டு, பின்பு அமெரிக்கா சென்று அங்கே 1880-இல் காலமானார். ஒரு பொருளின் பெயரை மூன்று படிகளிற் கற்பிக்கும் முறை அவருடையது. இது சிவப்பு, இது நீலம் என்று ஆசிரியர் காட்டுதல் முதற்படி. சிவப்பைத் தா என்று கேட்டல் இரண்டாவது. இஃது என்ன என்று வினாவுதல் மூன்றாவது. மாண்டிசோரிப் பள்ளிகளில் இன்றும் வழங்குவது இதுவே. இதார், செகேன் இருவருடைய நூல்களையும் அம்மையார் இத்தாலிய மொழியிற் பெயர்த்து முதலிலிருந்து முடிவுவரை தம் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு சொல்லின் கருத்தையும் ஆராய்ந்து செல்வதற்கு அஃது ஒன்றே வழியென்று அவர் நம்பினார். அச்சிட்ட குறிப்புக்களைப் பரீட்சைக்கு முன்னிரவிற் புரட்டும் நம் மாணவ நண்பர்கள் இவ்விடத்தைச் சற்றே நின்று படிப்பாராக.

1898-இல் தூரின் நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டில், இப்பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளிகள் வேண்டுமென்று அம்மையார் வாதித்தார். 1900-இல் உரோமாபுரியில் அத்தகைய பள்ளியொன்று ஆசிரியர்ப் பயிற்சியோடு நிறுவப்பட்டது. மாண்டிசோரி அம்மையாரும் மான்தெசானோ என்னும் வைத்தியரும் அதற்குத் தலைமை பூண்டனர். காலை எட்டுமணி முதல் மாலை ஏழுமணிவரை அம்மையார் பிள்ளைகளோடிருந்து தாமே கற்பித்தார். இரவில் அன்றன்று கண்டவற்றை எழுதி ஒப்புநோக்கினார். கல்வித்துறையில் தமக்குக் கிடைத்த உண்மையான பட்டம் அவ்விரண்டு ஆண்டுகளே என்று பிற்காலத்திலும் அவர் எழுதினார்.

அப்பள்ளியில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கையில் வலிமைக் குறைவில்லை. எனினும் எத்தனை முறை காட்டியும் ஊசியால் தைக்க அவளுக்கு வரவில்லை. அம்மையார் ஊசியை அப்பால் வைத்துவிட்டு, காகிதக் கீற்றுக்களை மேலும் கீழுமாக ஊடே செலுத்திப் பாய்போலப் பின்னும் வேலையை அவளுக்குக் கொடுத்தார். நம் ஊர்ப் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைதல் போன்ற வேலையென்று கொள்க. அதில் அவள் கை பழகியபின் மீண்டும் ஊசியைக் கொடுத்தபோது தைத்தல் தானே வந்தது. இதனால் அம்மையார் அறிந்தது யாது? ஒரு வேலை ஒரு பிள்ளைக்கு வாராதாயின், அவ்வேலையையே திரும்பத் திரும்பச் சுமத்துதலாற் பயனில்லை. அவ்வேலைக்குள் அடங்கிய அசைவை வேறோர் எளிய வேலையிற் பிரித்துப் பயிற்றுதல் வேண்டும். சொரசொரப்பான காகிதத்தில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவி எழுதக் கற்றல் இக்கருத்திலிருந்தே பின்னர்க் கிளைத்தது.

இவ்வாறு பயின்ற பிள்ளைகளுட் சிலர் பொதுப்பள்ளிப் பிள்ளைகளோடு எழுத்திலும் வாசிப்பிலும் பரீட்சை எழுதித் தேறினர். கண்டோர் வியந்து பாராட்டினர். அம்மையார் அப்பாராட்டில் மகிழ்ந்திருந்தாரல்லர்; அவரை வேறொரு கவலை பற்றிக்கொண்டது. குறையுடைய பிள்ளைகள் இவ்வளவு எய்தக்கூடுமாயின், குறையில்லாப் பிள்ளைகளைப் பொதுப்பள்ளிகள் எவ்வளவு கீழே அமுக்கி வைத்திருக்கின்றன என்பதே அக்கவலை. இவ்வொரு வினாவிலிருந்து அவர் புகழ் யாவும் தோன்றின. ஆயினும் அவ்வினா அம்மையாரைப் பெரும்பாலும் மற்றைப் பிள்ளைகளின் பக்கம் அழைத்துச் சென்றுவிட்டதென்பதையும் நாம் மறைத்தலாகாது.

அதே காலத்தில் அவர் தனி வாழ்க்கையில் ஆறாத துயரொன்று நேர்ந்தது. 1898-இல் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான், தந்தை மான்தெசானோ. விவாகம் நிகழவில்லை. ஊரார் பழிக்கும், பெற்ற தொழிலை இழத்தற்கும் அஞ்சிக் குழந்தையை நாட்டுப்புறக் குடும்பமொன்றில் வளர்க்கக் கொடுத்தனர். மான்தெசானோ வேறொரு மாதை மணந்தார். 1901-இல் அம்மையார் அப்பள்ளியை விட்டு நீங்கினார். பிறர் கைவிட்ட பிள்ளைகளுக்கு நாள்முழுதும் தாயாயிருந்தவர் தம் பிள்ளையை விருந்தினர்போலச் சென்று பார்த்துவந்தார். தம் தாயார் 1912-இல் இறந்த பின்னரே மகனைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். அதன்பின் மரியோ தாயாரை விட்டுப் பிரியாது அவர் பணிகளுக்கெல்லாம் வலக்கையாய் விளங்கினார். இதுபற்றி அம்மையாரைத் தூற்றுவாருளர். அவர் காலத்துப் பெண்ணின் நிலையை எண்ணுவோர் தூற்றார்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் நாள், உரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் வாழும் பகுதியில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் கூலிவேலைக்குச் சென்றபின் படிக்கட்டுக்களிலும் சுவர்களிலும் கிறுக்கித் திரிந்த ஏறத்தாழ 50 பிள்ளைகளை ஓரிடத்திற் காப்பதே அதன் நோக்கம். பழைய பள்ளியிற் கையாண்ட கருவிகளையே அம்மையார் இங்குக் கொணர்ந்தார். மூன்று வயதுச் சிறுமியொருத்தி மரத்துண்டிலுள்ள குழிகளில் வெவ்வேறு பருமனுள்ள உருளைகளைப் பொருத்தி, எடுத்து, மறுபடியும் பொருத்தினாள். மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொல்லியும் அவள் திரும்பவில்லை. அவள் இருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தபோதும், உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்குமேல் செய்தபின் தானே நிறுத்தி, உறங்கி எழுந்தவள்போல முகமலர்ந்து சுற்றிப் பார்த்தாள். அம்மையார் அவளைத் தடுத்திலர், எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்நிகழ்ச்சிக்குப்பின் அம்மையாரின் புகழ் விரைந்து பரவிற்று. 1909-இல் வெளிவந்த அவர் நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 1915-இல் சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவருக்குள்ளே ஒரு வகுப்பு நடத்திக் காட்டப்பட்டது. முசோலினி முதலில் ஆதரித்தான், பின்னர்ப் பிணங்கினான். 1934-இல் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் குடியிருந்தார், 1936-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூளவே ஹாலந்து தேசத்துக்குச் சென்றார்.

பிரம்மஞான சபையார் அழைப்பிற்கிணங்கி, தமது அறுபத்தொன்பதாம் வயதில், 1939 நவம்பரில் அம்மையாரும் மரியோவும் சென்னைக்கு வந்தனர். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளின் கீழ், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த 300 ஆசிரியர்களுக்குமேல் அவரிடம் பயின்றனர். அவர் இத்தாலிய மொழியிற் பேச, மரியோ ஆங்கிலத்திற் கூறுவார். 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி யுத்தத்திற் புகுந்ததும் இருவரும் பகைநாட்டாராயினர். மரியோவைச் சிறைமுகாமில் வைத்தனர். அம்மையாரை அடையாற்று எல்லைக்குள் நிறுத்தினர். ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று இராஜப்பிரதிநிதி மரியோவை விடுவித்தார். கோடைவெப்பம் தாங்காமையால் 1942-இல் கொடைக்கானலுக்குச் சென்று ஏறத்தாழ ஈராண்டு அங்கே தங்கினார். நம் விருதுநகரிலிருந்து மதுரை வழியாகச் செல்வோர்க்கு அஃது அரைநாட் பயணமே. அம்மலையிலே செடியையும் பூச்சியையும் நீரோட்டத்தையும் பாடப்புத்தகமாகக்கொண்டு சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்குரிய முறையையும் அவர் வகுத்தார்.

அவர் கொடைக்கானலில் இருந்த 1943-ஆம் ஆண்டிலே, அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வைத்தியர் லியோ கானர், 11 பிள்ளைகளின் வரலாற்றை எழுதி ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக உலகுக்கு அறிவித்தார். மறுவருடம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதினார். இவ்விருவருக்கும் முன்னே, 1925-இல், ருஷிய தேசத்துப் பெண் வைத்தியர் சுகரேவா இதனையே தெளிவாக எழுதியிருந்தும் நெடுங்காலம் அதனைக் கவனிப்பாரில்லை. மாண்டிசோரி அம்மையார் ஆட்டிசம் என்னும் நிலையைத் தனியே பிரித்துக் கூறினாரென்று நாம் சொல்லவில்லை. உரோமாபுரி விடுதிகளில் அவர் கண்ட பிள்ளைகளுள் அந்நிலையுடையோரும் இருந்திருத்தல் கூடும் என்றளவே சொல்லத்தகும்.

அந்நிலைதான் யாது? மூளையின் வளர்ச்சி பிறப்பிலிருந்தே வேறு வழியிற் செல்லுதலால் உண்டாவது. அதனையுடைய பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தால் நோக்காதிருக்கலாம். வேண்டிய பொருளை விரலாற் சுட்டாது பிறர் கையைப் பற்றி இழுத்துச் செல்லலாம். தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒன்று நகர்ந்தாலும் அலறலாம். சிலவோசைகளைத் தாங்காது காதைப் பொத்தலாம். பேசாதோரும் உளர், நன்கு பேசிப் பட்டம் பெற்றோரும் உளர். உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் இந்நிலையினர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டைக் குறித்துக் கணித்துள்ளது. தாயின் அன்புக்குறைவே காரணம் என்று மேனாட்டு வைத்தியர் சிலர் நெடுநாள் கூறித் தாய்மாரை வாட்டினர். அக்கூற்று பொய்யென முடிந்தது. நம் ஊர்களில் முன்வினை என்பாரும் கண்ணேறு என்பாரும் இன்னும் உளர். பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தது இவனோ இவன் பெற்றோரோ என்று சீடர்கள் கேட்ட கேள்வியை நம் ஆண்டவர் ஏற்கவில்லை என்பதைச் சுவிசேஷம் வாசிப்போர் அறிவர்.

வெடிமருந்தையே தொழிலாகக் கொண்ட நம் பகுதியில் ஓசைக்கு அஞ்சும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். பட்டாசின் ஓசை நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேற்படலாகாது என்பது அரசாங்க விதி. அவ்வளவுக்குள் அடங்கிய வெடியும் அப்பிள்ளைக்கு அடியுண்டது போன்ற நோவைத் தரலாம். அவன் காதைப் பொத்தி அழும்போது கோழையென்று நகையாடுதல், அப்பத்துணுக்குப் பொறுக்கிய பிள்ளைகளைப் பேராசையரென்ற காவல்மாதின் செயலையே ஒக்கும். தீபாவளிக்கு இன்னும் இத்தனை நாளென்று படம் எழுதிக்காட்டி முன்னரே உணர்த்துதலும், வெடிக்கும் நேரத்தில் வீட்டின் உள்ளறையில் இருத்துதலும், காதுமூடி அணிவித்தலும் செலவு மிகாத காரியங்கள்.

கற்பித்தலிலும் அம்மையாரின் வழி பெரிதும் துணையாகும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம், ஒருநேரத்தில் ஒருவேலை, சொல்லைக் குறைத்துச் செயலால் காட்டல், பொத்தான் மாட்டுதலைப் பலபடிகளாகப் பிரித்துப் பயிற்றல், பிழையைக் கருவியே காட்டும்படி அமைத்தல் ஆகிய யாவும் ஆட்டிசமுடைய பிள்ளைக்கு ஏற்றவை. திரும்பத் திரும்பச் செய்தலை உருளைச் சிறுமியிடத்துக் கூர்ந்த கவனமென்று போற்றிய உலகம், தீப்பெட்டி அடுக்கும் சிறுவனிடத்து அதனையே பித்தென்பது நேர்மையன்று. அவ்வடுக்கிலிருந்தே எண்ணும் நிறமும் கற்பிக்கலாம். ஆயினும் தானே தெரிந்தெடுக்கட்டுமென்று விட்டுவிடுதல் இப்பிள்ளைகளுக்குப் போதாது. பிறரோடு கலத்தலும், வேண்டியதைக் கேட்டலும், படத்தாலோ சைகையாலோ கருத்தைத் தெரிவித்தலும் ஆசிரியர் முன்னின்று படிப்படியே கற்பிக்கவேண்டியவை. இவ்விடத்தில் அம்மையாரைவிடச் செகேனே நமக்கு அண்மையராகின்றார்.

இந்திய தேசத்தில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தைக் குறிப்பிடவேயில்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் குறிப்பிட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தான் கூறிய 21 வகைகளுள் ஒன்றாக அதனை வைத்துப் பொதுப்பள்ளியிற் சேரும் உரிமையையும் அளித்தது. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். எனினும் மாண்டிசோரி என்று பலகை தொங்கும் பள்ளியின் வாயிலிலேயே, இப்பிள்ளை எங்களுக்கு ஒத்துவாராது என்று சொல்லித் திருப்பியனுப்பும் வழக்கம் நீங்கவில்லை. எந்தப் பிள்ளைகளிடமிருந்து முறை கற்கப்பட்டதோ அவர்களுக்கே கதவு அடைபடுகின்றது. விருதுபட்டி என வழங்கிய இவ்வூரில், 1889-இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் பெண்கள் எடுத்துவைத்த பிடியரிசியால் வளர்ந்தது. காமராசர் கற்றது அங்கே. கல்வி மறுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காக அரிசிப்பானையில் கைவைத்த ஊர் இது. அவ்வூரில் பேசாத பிள்ளையொன்று பகல்முழுதும் கதவடைத்த அறையில் இருத்தல் பொருந்துமா?

மாண்டிசோரி அம்மையார் 1944-இல் இலங்கைக்கும் சென்று கற்பித்தார். 1946-இல் ஐரோப்பா திரும்பி, மறுபடியும் இந்தியாவுக்கு வந்து, 1949 வரையில் பணி செய்தார். அவ்வாண்டிலே அடையாற்றில் அவர் சொற்பொழிவுகள் நூலாக வெளிவந்தன. 1952-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், ஹாலந்து தேசத்தில் நோர்ட்வைக் என்னும் கடற்கரையூரில், தமது எண்பத்தோராம் வயதில் உயிர்நீத்தார். அவரை அவ்வூரிலேயே அடக்கம் செய்தனர். மரியோ தாயின் பணியை முப்பது ஆண்டு தொடர்ந்து நடத்தி 1982-இல் மறைந்தார்.